ரௌட்டரில் இரண்டு ஆண்டெனா எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டில் இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ரௌட்டரின் பின்னால் இரண்டு கொம்புகள் நீட்டிக் கொண்டிருக்கின்றனவே, ஒன்று போதாதா?” கடைக்காரரிடம் கேட்டால், “இரண்டு இருந்தால் இரண்டு மடங்கு வேகம் சார்” என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வேகத்தைப் பற்றியது அல்ல. சிக்னல் நடுவில் அறுந்து போகாமல் இருப்பதைப் பற்றியது.

அந்த மீதிப் பாதியைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம். இதன் பின்னால் இருப்பது பெரிய பெரிய சூத்திரங்கள் என்று பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல் தொகுப்பிலேயே இதனைச் செய்து பார்க்கவும் வழி சொல்கிறேன்.

சிக்னல் ஏன் மறைகிறது?

ரௌட்டரில் இருந்து கிளம்பும் ரேடியோ அலை நேராக மட்டும் உங்கள் லேப்டாப்பிற்கு வருவதில்லை. சுவரில் மோதி ஒரு பங்கு, இரும்பு பீரோவில் பட்டுத் திரும்பி ஒரு பங்கு, தரையில் தெறித்து ஒரு பங்கு எனப் பல வழிகளில் வந்து சேருகிறது. ஒரு வழியில் வந்த அலை மேடாக இருக்கும்போது இன்னொரு வழியில் வந்த அலை பள்ளமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. அந்த இடத்தில் சிக்னல் மங்கிவிடும்.

2.4 கிகா ஹெர்ட்ஸ் வை-பி அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். எனவே லேப்டாப்பை நான்கு விரற்கடை தள்ளி வைத்தாலே நிலைமை மாறிவிடலாம். ஹாலில் ஒரு மூலையில் வராத சிக்னல், சற்று நகர்ந்தால் வருவதற்கு இதுதான் காரணம்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு பாதை பத்தில் ஒரு முறை மங்கிப் போகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரண்டு பாதைகள் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் மங்குவது நூற்றில் ஒரு முறைதான் நடக்கும். ஆக, இரண்டாவது ஆண்டெனாவின் உண்மையான மதிப்பு இதுதான்: ஒரு பாதை கைவிட்டாலும் இன்னொரு பாதை கை கொடுக்கும்.

ஆண்டெனாவை எங்கே வைப்பது?

பெறும் பக்கத்தில் இரண்டு ஆண்டெனா வைப்பது பழைய முறை. இரண்டில் வரும் சிக்னல்களைத் தக்கபடி கூட்டிக் கொண்டால் போதும், சிக்கல் இல்லை. ஆனால் 1990களின் செல்போன்களை நினைத்துப் பாருங்கள். சிறிய கருவி, சிறிய பேட்டரி, விலையும் குறைவாக இருக்க வேண்டும். அதில் இரண்டு ஆண்டெனாவும் அவற்றுக்கான இரண்டு ரேடியோ பகுதிகளும் வைப்பது கட்டுப்படியாகாது.

எனவே பொறியாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஆயிரக்கணக்கான போன்களில் தனித்தனியாக இரண்டாவது ஆண்டெனா வைப்பதற்குப் பதிலாக, அத்தனை பேருக்கும் பொதுவான செல்போன் கோபுரத்தில் ஒன்றைக் கூடுதலாக வைத்தால் என்ன? வீட்டில் அந்தக் கோபுரத்தின் இடத்தில் இருப்பது உங்கள் ரௌட்டர். யோசனை நல்லதுதான். ஆனால் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டும் ஒன்றையே அனுப்பினால்?

முதல் ஆண்டெனாவில் இருந்து போனுக்கு வரும் பாதையின் வலிமை 2 என்று கொள்வோம். இரண்டாவது பாதையின் வலிமையும் 2. ஆனால் அதன் அலை தலைகீழாக வந்து சேருகிறது. எனவே அதனை -2 என்று எழுதுவோம். இரண்டு ஆண்டெனாவும் 5 என்ற எண்ணையே அனுப்பினால் போனுக்குக் கிடைப்பது 10 - 10 = 0. ஒரு ஆண்டெனா மட்டும் இருந்திருந்தால் 10 ஆவது கிடைத்திருக்கும்! இரண்டாவது ஆண்டெனா உதவுவதற்குப் பதில் கெடுத்துவிட்டது.

சரி, இரண்டும் வெவ்வேறு எண்களை அனுப்பினால்? பாதைகள் 2, 1 என்று கொள்வோம். அனுப்பக் கூடிய எண்கள் 1, 3, 5, 7 மட்டுமே. முதல் ஆண்டெனா 5, இரண்டாவது 3 அனுப்புகிறது. போனுக்குக் கிடைப்பது 10 + 3 = 13. ஆனால் முதலாவது 3, இரண்டாவது 7 அனுப்பி இருந்தாலும் 6 + 7 = 13 தான் வரும். எது சரி என்று போன் எப்படிக் கண்டுபிடிக்கும்? முடியாது.

ஆக, எதை அனுப்புவது, எந்த வரிசையில் அனுப்புவது என்பதற்கு ஒரு திட்டம் தேவைப்படுகிறது. அந்தத் திட்டத்திற்குத்தான் ‘கோட்’ என்று பெயர். ஆண்டெனா இருக்கும் இடம், அனுப்பும் நேரம் இரண்டையும் பயன்படுத்துவதால் இதனை ‘ஸ்பேஸ்-டைம் கோட்’ என்று அழைக்கின்றனர்.

அலமூத்தி கண்ட வழி

1998 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தாரோக், சேஷாத்ரி, கால்டர்பேங்க் ஆகிய மூவர் இத்தகைய கோட்களை உருவாக்கும் விதிகளை வெளியிட்டனர். நம்பிராஜன் சேஷாத்ரி நம் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் (இன்றைய என்.ஐ.டி.) படித்தவர். இவர்கள் தந்த கோட்கள் நன்றாக வேலை செய்தன. ஆனால் பெறும் பக்கத்தில் வேலை அதிகம். ஆண்டெனாக்களும் வேகமும் கூடக் கூட, போனில் உள்ள சிப் செய்ய வேண்டிய கணக்குகள் மடங்கு மடங்காகப் பெருகின.

அதே ஆண்டு அக்டோபரில் எட்டே பக்கங்களில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் சியாவாஷ் அலமூத்தி. ஈரானில் பிறந்து, கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் படித்த பொறியாளர். அவர் சொன்ன திட்டம் இவ்வளவுதான்:

முதல் நொடித்துளியில்: முதல் ஆண்டெனா 5, இரண்டாவது ஆண்டெனா 3 அனுப்பட்டும்.

அடுத்த நொடித்துளியில்: முதல் ஆண்டெனா -3, இரண்டாவது ஆண்டெனா 5 அனுப்பட்டும்.

அதாவது இரண்டு எண்களையும் இடம் மாற்றி, ஒன்றுக்கு மட்டும் கழித்தல் குறி போட வேண்டும். பாதைகள் 2, 1 என்றால் போனுக்கு முதலில் கிடைப்பது 10 + 3 = 13. அடுத்துக் கிடைப்பது -6 + 5 = -1.

இனி போன் செய்ய வேண்டியது என்ன? முதல் எண் வேண்டுமா? 13 ஐ 2 ஆல் பெருக்கி, -1 ஐ 1 ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். 26 - 1 = 25. இதனை 5 ஆல் வகுத்தால் 5. இரண்டாவது எண் வேண்டுமா? 13 ஐ 1 ஆல் பெருக்கி, அதிலிருந்து -1 ஐ 2 ஆல் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். 13 + 2 = 15. இதனையும் 5 ஆல் வகுத்தால் 3. இரண்டு எண்களும் கலப்பின்றித் தனித்தனியாகக் கிடைத்துவிட்டன!

வகுக்கும் 5 எங்கிருந்து வந்தது? 2 ஐ 2 ஆல் பெருக்கினால் 4, 1 ஐ 1 ஆல் பெருக்கினால் 1; கூட்டினால் 5. பாதைகளின் வலிமைகள் 2, 1 என்பது போனுக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே இரு தரப்புக்கும் தெரிந்த சோதனை சிக்னல் ஒன்று அவ்வப்போது அனுப்பப்படும். அது எப்படி வந்து சேருகிறது என்று பார்த்துப் போன் தெரிந்து கொள்ளும். இரண்டு நொடித்துளிகள் முடியும் வரை பாதைகள் மாறாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அந்த நேரம் மிகமிகக் குறைவு என்பதால் வீட்டுக்குள் இது பிரச்னையே இல்லை.

அந்தக் கழித்தல் குறி எதற்கு?

கழித்தல் குறி இல்லாமல் வெறுமனே இடம் மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். பாதைகள் இரண்டும் 2 ஆக இருந்தால் என்ன நடக்கும்? முதலில் 10 + 6 = 16. இடம் மாற்றினால் 6 + 10 = 16. அதே பதில்! இரண்டாவது முறை அனுப்பியதில் புதிதாக எதுவும் தெரியவில்லை. கழித்தல் குறி இருந்தால் இரண்டாவது பதில் -6 + 10 = 4. இப்போது இரண்டு எண்களையும் பிரித்து எடுத்துவிடலாம். பாதைகள் எப்படி அமைந்தாலும் இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று உதவும்படி செய்வது அந்த ஒரு சின்னக் கோடுதான்.

எக்ஸெலில் செய்து பார்க்கலாம்

எக்ஸெல் அல்லது அது போன்ற ஏதேனும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். கீழே செல்களின் பெயர்களைத் தமிழில் தந்துள்ளேன். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அமைக்கவும்.

1. ஏ1 செல்லில் முதல் பாதையின் வலிமை, ஏ2 செல்லில் இரண்டாவது பாதையின் வலிமை தரவும். (2, 1)

2. ஏ3, ஏ4 செல்களில் அனுப்ப வேண்டிய இரண்டு எண்களைத் தரவும். (5, 3)

3. ஏ5 செல்லில் முதலில் கிடைக்கும் சிக்னல்: =ஏ1*ஏ3+ஏ2*ஏ4

4. ஏ6 செல்லில் அடுத்துக் கிடைக்கும் சிக்னல்: =ஏ2*ஏ3-ஏ1*ஏ4

5. ஏ7 செல்லில் முதல் எண்ணைப் பிரித்தெடுக்க: =(ஏ1*ஏ5+ஏ2*ஏ6)/(ஏ1*ஏ1+ஏ2*ஏ2)

6. ஏ8 செல்லில் இரண்டாவது எண்ணைப் பிரித்தெடுக்க: =(ஏ2*ஏ5-ஏ1*ஏ6)/(ஏ1*ஏ1+ஏ2*ஏ2)

ஏ7, ஏ8 செல்களில் 5, 3 கிடைக்கும். இனி ஏ1, ஏ2 செல்களில் மட்டும் எண்களை மாற்றிப் பாருங்கள். சற்று முன் நம்மைக் கெடுத்த 2, -2 ஐத் தரவும். அதே 5, 3 தான் வரும். ஏ1 செல்லில் 0 தரவும். முதல் பாதை முழுவதும் அறுந்துவிட்டது என்று பொருள். அப்போதும் 5, 3 வரும். ஏ1, ஏ2 இரண்டிலும் 0 தந்தால் மட்டுமே எக்ஸெல், பூஜ்யத்தால் வகுக்க முடியாது எனப் பிழைச் செய்தி காட்டும். அதாவது இரண்டு பாதைகளும் ஒரே நேரத்தில் அறுந்தால் மட்டுமே இந்தத் திட்டம் தோற்கும். முன்பு சொன்ன ‘நூற்றில் ஒரு முறை’ என்பது இதுதான்.

உண்மையான சிக்னலில் இரைச்சலும் கலந்திருக்கும். அலைக்கு வலிமையுடன், மேடா பள்ளமா என்ற நிலையும் உண்டு. அதையும் சேர்த்துக் கணக்கிட ஒவ்வொரு எண்ணும் இரு பகுதிகள் கொண்ட கலப்பு எண்ணாக இருக்கும். கணக்கின் எலும்புக்கூடு மட்டும் மாறுவதில்லை. ஒரே ஒரு குறை: அனுப்பும் மின்சக்தியை இரண்டு ஆண்டெனாக்களும் பாதிப் பாதியாகப் பகிர வேண்டும். எனவே பெறும் பக்கத்தில் இரண்டு ஆண்டெனா வைப்பதை விட இது 3 டெசிபல் பின்தங்கும்.

எளிமை ஏன் இவ்வளவு முக்கியம்?

இன்றைய சிப்கள் வேகமானவை. கணக்கு கொஞ்சம் கூடினால் என்ன என்று தோன்றலாம். எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் 16 விதமான சிக்னல்களில் ஒன்று அனுப்பப்படுகிறது என்று கொள்வோம். இரண்டு சிக்னல்கள் கலந்து வந்தால், போன் 16 × 16 = 256 ஜோடிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு எது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். அலமூத்தி முறையில் இரண்டும் தனித்தனியாக வருவதால் 16 + 16 = 32 ஒப்பீடு போதும்.

நான்கு சிக்னல்கள் கலந்தால்? 65,536 ஒப்பீடுகள். தனித்தனியாகப் பிரிந்தால் 64 மட்டுமே. இது ஒரே ஒரு முறைக்கான கணக்கு. நொடிக்குப் பல லட்சம் முறை இதனைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஒப்பீடும் பேட்டரியில் இருந்து கொஞ்சம் மின்சாரத்தை எடுக்கிறது. சிப்பில் கொஞ்சம் இடத்தைப் பிடிக்கிறது. அந்த இடத்திற்கு விலை உண்டு. விலை குறைந்த போனும் சிக்னல் மங்கும் இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்றால், கோட் எளிதாக இருந்தே ஆக வேண்டும்.

அதனால்தான் இந்த எளிய முறை வேகமாகப் பரவியது. 3ஜி செல்போன் தரவரையறையில் இடம் பெற்றது. 2009 ல் வெளியான 802.11என் வை-பி தரவரையறையில் விருப்பத் தேர்வாகச் சேர்க்கப்பட்டது. 4ஜி யில் அடுத்தடுத்த நேரத்திற்குப் பதில் அடுத்தடுத்த அலைவரிசைகளில் இதே இடமாற்றம் நடக்கிறது. அலமூத்திக்கு 2022 ஆம் ஆண்டின் மார்க்கோனி பரிசு கிடைத்தது.

நான்கு ஆண்டெனா என்றால்?

இரண்டுக்கு இவ்வளவு அழகாக அமைந்தது நான்குக்கும் அமையுமா? 1999 ல் தாரோக், ஜாபர்கானி, கால்டர்பேங்க் ஆகியோர் இதற்கு விடை தந்தனர். சாதாரண எண்களுக்கு அமையும். ஆனால் ரேடியோவுக்குத் தேவையான கலப்பு எண்களுக்கு, வேகமும் குறையாமல் எல்லாம் தனித்தனியாகவும் பிரியும் இத்தகைய சதுர அமைப்பு இரண்டு ஆண்டெனாவுக்கு மட்டுமே உண்டு. மூன்று, நான்கு ஆண்டெனாக்களில் அதே எளிமை வேண்டுமானால் வேகத்தில் கால் பங்கை விட்டுக் கொடுக்க வேண்டும். நான்கு முறை அனுப்பும் நேரத்தில் மூன்று சிக்னல்கள்தான் போகும்.

விட்டுக் கொடுக்க மனமில்லாதவர்கள் வேறு வழி தேடினார்கள். அதில் ஒன்று நம் நாட்டில் பிறந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் பி.சுந்தர் ராஜனும் முகமது ஜாபர் அலி கானும் 2006 ல் வெளியிட்ட முறை அது.

அதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பள்ளி மைதானத்தில் 16 மாணவர்கள் வரிசைக்கு நால்வராக நிற்கிறார்கள். முன்னால் இருந்து பார்த்தால் நான்கு பேர்தான் தெரிவார்கள். மற்றவர்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மறைந்திருப்பார்கள். வரிசையை அப்படியே சற்றுத் திருப்பி நிறுத்தினால் 16 பேரும் தனித்தனியாகத் தெரிவார்கள். 16 விதமான சிக்னல்களையும் இதே போல் ஒரு சதுரத்தில் நிற்கும் புள்ளிகளாகக் கருதலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு அளவுகள் உண்டு: கிடை அளவு, நெட்டு அளவு. சதுரத்தைச் சுமார் 31.7 டிகிரி திருப்பிவிட்டால் ஒரு புள்ளியின் அளவு இன்னொன்றுக்கு வராது.

பிறகு கிடை அளவை ஒரு ஜோடி ஆண்டெனா வழியாகவும், நெட்டு அளவை அடுத்த ஜோடி வழியாகவும் அனுப்புகிறார்கள். ஒரு ஜோடியின் சிக்னல் முழுவதும் மங்கினாலும், மற்றதில் வந்த ஓர் அளவை வைத்தே அது எந்தப் புள்ளி என்று சொல்லிவிடலாம். நான்கு ஆண்டெனா, முழு வேகம், 64 ஒப்பீடு. இதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு ஜோடி பேசும்போது மற்ற ஜோடி சும்மா இருக்கும். எனவே பேசும் ஆண்டெனா அந்தச் சிறிது நேரத்தில் கூடுதல் சக்தியுடன் அனுப்ப வேண்டும்.

இந்தத் துறையில் இப்படித்தான். நம்பகத்தன்மை, வேகம், எளிமை மூன்றையும் இலவசமாகத் தருவது எதுவும் இல்லை. எதை எவ்வளவு விட்டுக் கொடுப்பது என்பதுதான் வடிவமைப்பவரின் திறமை. நான்கு ஆண்டெனா உள்ள 4ஜி கோபுரம் கூட இந்தப் பணிக்கு அவற்றை இரண்டிரண்டாகப் பிரித்து அலமூத்தி முறையையே பயன்படுத்துகிறது. 5ஜி யில் அந்தக் கோட் இடம் பெறவில்லை. பல ஆண்டெனாக்களைச் சேர்த்து உங்கள் போனை நோக்கி அலையைக் குவிக்கும் முறைக்கு அங்கு முக்கியத்துவம் தரப்பட்டுள்ளது.

கடைக்காரர் சொன்ன பாதி

ஒவ்வொரு ஆண்டெனாவிலும் வேறு வேறு டேட்டாவை அனுப்பி வேகத்தைப் பெருக்கும் முறையும் உண்டு. இதனை 1992 ல் முன்வைத்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானவர். 2014 ல் மார்க்கோனி பரிசு பெற்றார். ஆனால் இந்த முறையில் இரண்டு மடங்கு வேகம் கிடைக்க, பெறும் பக்கத்திலும் இரண்டு ஆண்டெனா வேண்டும். சிக்னலும் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. ரௌட்டர் பெட்டியில் 2×2 என்று இருந்தால் அனுப்ப இரண்டு, பெற இரண்டு ஆண்டெனா என்று பொருள். 802.11என் வகையில் 300 எம்.பி.பி.எஸ். என்பது இரு பக்கமும் இரண்டு ஆண்டெனா இருந்தால் கிடைக்கும் உச்ச அளவு. ஒரு ஆண்டெனா போனுக்கு அதிகபட்சம் 150 தான்.

2. ஒரு ஆண்டெனா போன் வைத்திருந்தாலும் ரௌட்டரின் இரண்டாவது ஆண்டெனா வீண் அல்ல. இரு கருவிகளும் அலமூத்தி முறையை ஏற்றால் தூரத்து அறையில் இணைப்பு நிலையாக இருக்கும்.

3. சில ரௌட்டர்களின் கூடுதல் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்.டி.பி.சி. என்று ஒரு வரி இருக்கும். இதுதான் நாம் பார்த்த கோட். அது இயக்க நிலையில் இருந்தால் அப்படியே விட்டுவிடவும்.

4. ஆண்டெனாக்களைத் திருப்ப முடியும் என்றால், ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைச் சற்றுச் சாய்த்தும் வைக்கவும். இரண்டு பாதைகளும் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டும்.

5. ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ தரையிலோ வைக்க வேண்டாம். சற்று உயரத்தில், திறந்த இடத்தில் வைக்கவும்.

6. சிக்னல் திடீரென்று குறைந்தால், சர்வீஸ் ஆளை அழைக்கும் முன் லேப்டாப்பை ஐந்தாறு சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள்.

அடுத்த முறை ரௌட்டர் வாங்கும்போது கொம்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் எத்தனை ஆண்டெனா இருக்கிறது என்று முதலில் தெரிந்து கொண்டு, அதற்கு ஏற்ற ரௌட்டரைத் தேர்ந்தெடுங்கள். தேவையில்லாத கொம்புகளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.